பாட்டு எங்களுடையது, உரிமை யாருடையது?

தொப்பம்பட்டி ஒன்றியத்தின் சிற்றூர் ஒன்றில் பறையிசைக் குழுவினர் ஐவரைச் சந்தித்தோம். ஒருவர் நூற்பாலைத் தொழிலாளி. ஒருவர் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கச் செல்பவர். இருவருக்கு மேளமே பிழைப்பு. இளையவர் பழநியில் கல்லூரி மாணவர். ஆலைக் கூலியிலும் மேளக் காசிலும் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு பாடல்கள் கொண்ட தொகுப்பை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாவுக்கு அடிக்கும் அடியை எடுத்துத் திருமணப் பாட்டுக்குள் வைத்தது எப்படி, தெரு முனையில் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சும் ஓசையையே முதல் பாடலின் தொடக்கமாக்கியது எப்படி என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், வெளியீட்டைப் பற்றிக் கேட்டபோது அமைதியானார்கள்.

பாடல்களை வெளியிடுவதாகச் சொன்ன ஒரு யூடியூப் அலைவரிசைக்காரர், மூத்தவரிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சிறு தொகை கைமாறியிருக்கிறது. சில மாதங்கள் கழித்து இளைஞர்கள் தங்கள் பாடலைத் தங்கள் பக்கத்தில் பதிவேற்றியபோது, ‘இது பிறருக்கு உரிமையானது’ என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. “எழுதுனது நாங்க, அடிச்சது நாங்க, பாடுனது நாங்க. எங்க பாட்ட நாங்களே போட்டா எங்க மேலயே புகாருங்க தோழர். இது எந்த ஊரு நியாயமுங்க?” என்றார் கல்லூரி மாணவர்.

அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை. தனியிசைக் கலைஞர்களோடு நாம் நடத்தும் உரையாடல்களில் விடுபட்டுப்போகும் ஒரு பகுதியை அந்த மாணவர் தொட்டுவிட்டார்.

பேட்டிகள் கேட்காத கேள்வி

2018 சனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது, திரைப்படத்துக்கு வெளியே தலித் அரசியலை உரக்கப் பேசும் இசைக்கு ஒரு புது வழி திறந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய அந்தக் குழுவில் கானா, பறை, ராப் ஆகியவை ஒரே மேடையில் நின்றன. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதிபேதமற்ற அடையாளத்திலிருந்து அக்குழுவின் பெயர் பிறந்தது. 2019இல் அறிவு, ஆஃப்ரோ இணைந்த ‘தெருக்குரல்’ தொகுப்பு வந்தது. 2020 திசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. இவற்றின் தூண்டுதலால் இன்று மாவட்டந்தோறும் சிறு குழுக்கள் கைப்பேசியிலும் சிறு கூடங்களிலும் தொகுப்புகளை உருவாக்கி வருகின்றன.

இக்கலைஞர்களிடம் ஊடகங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன: உங்கள் வலி என்ன? எந்தப் பாட்டி பாடிய பாடல் உங்களைப் பாதித்தது? இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால், பதிவுக்குப் பணம் போட்டவர் யார், ஒலிப்பதிவு யார் பெயரில் இருக்கிறது, வருமானம் எப்படிப் பகிரப்படுகிறது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வலியைப் பற்றிப் பேசினால் கலைஞர், வரவைப் பற்றிப் பேசினால் பேராசைக்காரர் என்னும் பார்வை நம்மிடமும் இருக்கிறது. தன் இசையின் மீதான உரிமையை வலியுறுத்திய இளையராஜாவே, 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது எவ்வளவு ஏளனத்துக்கு ஆளானார் என்பதை நாம் கண்டோம்.

இந்த மௌனத்தின் விலையை உலகறியக் காட்டியது ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் தளத்தில் தீ, அறிவு இருவரின் குரலில், சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் வெளிவந்த அப்பாடல், யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதன் சொற்களை எடுத்ததாக அறிவு கூறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அப்பாடலுக்காகத் தீ இடம்பெற்றார், அறிவு இடம்பெறவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பின் அறிவுக்குத் தனி மின்னட்டை வந்தது. 2022 சூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் பாடல் ஒலித்தது. தானே இசையமைத்து, எழுதி, பாடியதாக அறிவு எழுதினார். இசையமைப்பு தன்னுடையது என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் கூறினார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாடலிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று காணொளியில் தெரிவித்தார்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்குவது எங்கள் நோக்கமன்று. எங்களை உறுத்துவது வேறு. நாடறிந்த கலைஞர்கள், உலகம் கேட்ட பாடல். அதிலேயே ‘யார் என்ன செய்தார், யாருக்கு என்ன சேர வேண்டும்’ என்பது பொதுவெளியில் சண்டையிட்டுத்தான் வெளிவர வேண்டியிருந்தது என்றால், தொப்பம்பட்டிக் குழுவின் நிலை என்னவாக இருக்கும்?

வரையறையற்ற ஊழியம்

இதை வெறும் வணிகத் தகராறாகப் பார்க்க எங்களால் இயலவில்லை. பறை அடிப்பது தலைமுறைகளாகக் கலையாக மதிக்கப்படாமல், ஊர் ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. சாவுக்கு, சாமி சாட்டுக்கு, தண்டோராவுக்கு என்று எந்த நேரத்தில் அழைத்தாலும் போக வேண்டும். எவ்வளவு நேரம், என்ன கூலி என்று கேட்க முடியாது. களத்தில் அளக்கும் படியே கூலி. அளப்பவர் மனமே அளவு.

மராட்டியத்தில் மகர் சமூகத்தின் மீது சுமத்தப்பட்டிருந்த வதன் முறையும் இத்தகையதே. சிறு நிலமும் தானியமும் கொடுத்து, பதிலுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் குடும்பம் முழுவதையும் அழைக்கும் முறை அது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர், 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊதியம் குறைவு என்பதோடு அவர் விமர்சனம் நிற்கவில்லை. எந்த வேலை, எவ்வளவு நேரம், யாருக்கு, என்ன ஊதியம் என எதுவும் வரையறுக்கப்படாமல் இருப்பதே அடிமைத்தனத்தின் அடித்தளம் என்பதை அவர் அம்பலப்படுத்தினார். சுதந்திரத்துக்குப் பின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே பம்பாய் மாநிலத்தில் கீழ்நிலை வதன்கள் ஒழிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா முறைக்குத் தடை விதிக்குமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமையின் பேரால் இழிதொழில் செய்யக் கட்டாயப்படுத்துவதைக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7அ பிரிவும், கூலியில்லாக் கட்டாய உழைப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஏச்) பிரிவும் குற்றமாக்குகின்றன. இந்தச் சட்டங்களோடு பண்பாட்டுப் போராட்டமும் நடந்தது. இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட கருவியை விடுதலையின் கருவியாக மாற்றினார்கள். எங்கள் மாவட்டத்தில், திண்டுக்கல்லை மையமாகக் கொண்ட சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்து அதை மேடையேற்றியது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஊர்ச் சாவடியிலிருந்து மேடைக்கு வந்த பறை, இப்போது ஒப்பந்தத் தாளுக்குள் நுழைகிறது. ‘அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்று அந்தத் தாள் சொல்கிறது. எதை, எவ்வளவு காலம், என்ன விலைக்கு என்ற வரையறை இங்கும் இல்லை. சட்டத்தின் துணையை நாம் தேட வேண்டிய இடம் இதுதான்.

ஒரு பாடல், நான்கு உரிமைகள்

செய்தித்தாள்கள் ‘காப்புரிமை’ என்று எழுதினாலும், கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை வேறு, படைப்புகளுக்கான பதிப்புரிமை வேறு. நமக்கு வேண்டியது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பாடலை அச்சட்டம் நான்காகப் பிரித்துப் பார்க்கிறது.

முதலாவது, சொற்கள். அவை இலக்கியப் படைப்பு, எழுதியவருக்கு உரியவை. இரண்டாவது, மெட்டு. அது இசைப் படைப்பு. இசைக்குறிப்பாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெட்டமைத்தவரே இசையமைப்பாளர் என்று 2(எஃப்எஃப்ஏ) பிரிவு சொல்கிறது. சுரம் எழுதத் தெரியாத நம் கலைஞர்களுக்கு இவ்வரி மிக முக்கியமானது. இவ்விரு உரிமைகளும் படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கின்றன.

மூன்றாவது, நிகழ்த்துநர் உரிமை. பாடியவர், பறை அடித்தவர், உருமி உருட்டியவர் என ஒவ்வொருவருக்கும் தன் நிகழ்த்தலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. 1977இல் உச்ச நீதிமன்றம் திரைப்பாடல்களின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தபோது, பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருப்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பில் சுட்டிக்காட்டினார். 1994 திருத்தம் அந்த இடத்தை உருவாக்கியது. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது.

நான்காவது, ஒலிப்பதிவு. இதன் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர். பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரே தயாரிப்பாளர் என்று சட்டம் வரையறுக்கிறது. சேர்த்த காசைப் போட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தாங்களே பதிவை நடத்தியவர்கள் தொப்பம்பட்டிக் குழுவினர். எனவே, அந்த ஆறு பதிவுகளின் தயாரிப்பாளரும் அவர்களே. பதிவேற்றுவதற்காகக் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பியதால் உரிமை கைமாறிவிடுவதில்லை.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளை வதன் முறைக்கு எதிரான அம்பேத்கரின் வாதத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘வரையறு’ என்பதே இரண்டின் சாரம். உரிமையை ஒப்படைக்கும் ஆவணம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்படைப்பவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை நோக்கி ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

எந்தப் படைப்பு? ஒவ்வொரு பாடலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும்.

எந்த உரிமை? யூடியூபில் வெளியிடும் உரிமையா, திரைப்படத்துக்குக் கொடுக்கும் உரிமையா, அழைப்பிசையா? ஒப்பந்த நாளில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகம் எதுவும், அதன் பெயரைக் குறித்து எழுதினாலன்றி, ஒப்படைப்பில் அடங்காது.

எவ்வளவு காலம்? காலம் குறிப்பிடப்படாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்படாத நிலையில், ஒப்படைப்பு காலாவதியாகும்.

எந்த நிலப்பரப்பு? குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே.

எவ்வளவு பணம்? ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை எழுதப்பட வேண்டும். திரைப்படம் சாராத ஒலிப்பதிவில் இடம்பெறும் சொற்களுக்கும் இசைக்கும் உரிய படைப்பாளி, அவற்றின் பயன்பாட்டில் சமபங்கு உரிமைத்தொகை பெறும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்பது 2012 திருத்தம் தந்த பாதுகாப்பு. ‘இனி எந்தத் தொகையும் கோரமாட்டேன்’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த அளவுக்கு அவ்வரி செல்லாது.

இவற்றோடு ஓர் உரிமை ஒப்படைத்த பின்னும் படைப்பாளியிடமே தங்குகிறது. அது பெயர். 57ஆம் பிரிவு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், 38பி பிரிவு நிகழ்த்தியவருக்கும் தம்மை அடையாளப்படுத்தக் கோரும் உரிமையைத் தருகின்றன. இதழ் ஒன்று யாரை அட்டையில் போட வேண்டும் என்பதற்குச் சட்டம் விடை தராது. அது அரசியல் அழுத்தத்தால் வெல்ல வேண்டியது. பாடலின் பெயர்ப்பட்டியலில் யார் இருக்க வேண்டும் என்பதற்கோ சட்டமே விடை தருகிறது.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கு

கையெழுத்துப் போட்டதோடு கதை முடிந்துவிடுவதில்லை. முதல் வேலை, தாளின் நகலைக் கேட்டுப் பெறுவது. நகல் கொடுக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கிச் செல்வது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. யூடியூபில் உரிமைக் கோரல் வந்தால் அதை மறுத்து முறையீடு செய்யலாம். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிறர் நம் பாடலை ஏற்றியிருந்தால், எழுத்து வழிப் புகார் கொடுக்கலாம். புகார் பெற்ற தளம் 21 நாட்களுக்கோ நீதிமன்ற ஆணை வரும் வரையோ அதை அணுக விடாமல் நிறுத்தி வைக்கச் சட்டம் வழி செய்கிறது. வழக்குத் தொடர்ந்தால், அந்தக் காலத்துக்குள் இடைக்கால ஆணை பெற முயல வேண்டும்.

வழக்கு என்றதும் சென்னைக்கு அலைய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். உரிமை மீறப்பட்டவர் தாம் வாழும் ஊருக்கு அதிகார வரம்புடைய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடமளிக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு துணை நிற்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அது தருகிறது. குற்ற வழக்குக்கு மட்டுமே அந்த உதவி என்று எண்ணுவோர் பலர். உரிமையியல் வழக்குகளுக்கும் அது பொருந்தும்.

பதிப்புரிமை பிறக்கப் பதிவு கட்டாயமில்லை. ஆனால், தகராறு வரும்போது பதிவுச் சான்று உதவும். சொற்களுக்கும் இசைக்கும் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகித் தம் பங்கைப் பெற முயலலாம்.

பாட்டியின் மெட்டும் நம் கணக்கும்

ஒரு சிக்கலை மறைக்காமல் பேச வேண்டும். மரபு வழியாக வரும் ஒப்பாரி மெட்டு, தாலாட்டு, பறையின் அடிகள் ஆகியவற்றுக்குத் தனியொருவர் உரிமை கோர முடியாது. சமூகத்துக்குச் சேர வேண்டிய உரிமையை நம் சட்டம் இன்னும் அங்கீகரிக்கவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் பிறர் நுழைகிறார்கள். ஆயினும், ஒரு பாட்டி ஒப்பாரி பாடுவதைப் பதிவு செய்தால், மெட்டு பொதுவானதாக இருந்தாலும், அந்தப் பாடுதல் அவருடைய நிகழ்த்தல். அவர் ஒப்புதல் இல்லாமல் அதைப் பதிவு செய்து வணிகமாக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டாவை இங்கே நினைவுகூர்வோம். சூலு இனத் தொழிலாளியான அவர் 1939இல் ‘எம்பூபே’ என்ற பாடலைப் பதிவு செய்தார். சிறு தொகைக்கு அதன் உரிமை கைமாறியது. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற பெயரில் உலகெங்கும் அது பணமாகப் பெருகியபோது, 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். படைப்பாளி இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற பழைய பேரரசுச் சட்ட விதியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள்கள் போராடி, 2006இல் உடன்பாடு கண்டார்கள். சட்டத்தில் இருந்த ஒரு வரியை யாரோ படித்துச் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் குழுக்களுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. முன்னால் நின்று பாடுபவரின் பெயர் போடப்படுகிறது. பின்னால் பறை அடிப்பவர்கள் ‘குழுவினர்’ ஆகிறார்கள். குலவையிட்ட பெண்களின் பெயர் எங்கும் இல்லை. வெளியே நாம் கேட்கும் நீதியை உள்ளே முதலில் செய்வோம். பதிவுக் கூடத்துக்குள் நுழைவதற்கு முன், யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யார் யார் வாசித்தது, யார் எவ்வளவு பணம் போட்டது, வருமானம் எப்படிப் பகிரப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டால் போதும். கல்லூரி மாணவத் தோழர்கள் தம் ஊர்க் கலைஞர்களுக்கு உடனடியாகச் செய்யக்கூடிய உதவி இது.

தொப்பம்பட்டிக் குழுவின் தாளைத் தெருவிளக்கின் கீழ் ஒன்றாக அமர்ந்து படித்தோம். ‘நிரந்தரமாக’ என்ற சொல் இவர்கள் தாளில் இல்லை, காலமே குறிப்பிடப்படவில்லை. உரிமைத்தொகை பற்றி ஒரு வரியும் இல்லை. ஐவரில் மூத்தவர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார். அவர் தன் பங்கை மட்டுமே ஒப்படைத்திருக்க முடியும். பாடல்களை எழுதிய மாணவரும், வாசித்த மற்ற மூவரும் எதையும் ஒப்படைக்கவில்லை. இவற்றைக் குறிப்பிட்டு அறிவிப்பு தயாராகிறது. “அப்ப எங்க பேரு இன்னும் எங்ககிட்டதான் இருக்குதுங்களா?” என்று மூத்தவர் இருமுறை கேட்டார். இருக்கிறது என்று இருமுறையும் சொன்னோம்.